கொல்லாமல் கலைத்தல்

பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வாழ்கின்றன. பல்லிலும், சிறுநீர் வடிகுழாயின் உட்புறத்திலும், செயற்கை மூட்டிலும் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் சர்க்கரைப் பசை, புரதம், டிஎன்ஏ ஆகியவற்றால் படலம் கட்டி அதனுள் குடியிருக்கின்றன. படலத்துக்குள் இருக்கும் கிருமி, வெளியே மிதக்கும் அதே கிருமியைக் கொல்லும் மருந்தளவைப் போல் ஆயிரம் மடங்கைக்கூடச் சில வேளைகளில் தாங்கிவிடும்.

படலத்தைக் கலைக்கும், அல்லது கட்டவிடாமல் தடுக்கும் பொருள்களும் நுண்ணுயிர்களிடமே கிடைக்கின்றன. பேசில்லஸ் இனங்கள் உருவாக்கும் லாக்டோனேஸ் நொதி, கூட்டம் சேரச் சொல்லும் வேதிச் சமிக்ஞையையே சிதைக்கிறது. பல் ஈறில் வாழும் ஒரு பாக்டீரியாவின் டிஸ்பர்சின் பி நொதி, பசையின் சர்க்கரை இழைகளை வெட்டுகிறது. மன்னார் வளைகுடாப் பவளங்களில் வாழும் பாக்டீரியாக்களின் சாறுகள், தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் படலம் கட்டுவதைத் தடுப்பதைக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். கொல்லும் மருந்து, அதைத் தாங்கும் கிருமிகளை மட்டும் மிஞ்சவிட்டுப் பெருக வைக்கிறது. கலைக்கும் பொருள் அந்த நெருக்குதலைக் குறைவாகவே தரும் என்று கருதப்படுகிறது. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளைப் பற்றி 2012இல் சென்னைப் பிரகடனம் வெளியான நாட்டில் இது சிறிய செய்தி அல்ல.

அப்படியானால் இது அகிம்சை மருத்துவமா? சென்னை மயிலாப்பூரில் இக்கேள்விக்குப் பழைய சமண வேர் உண்டு. அங்கிருந்த தீர்த்தங்கரர் நேமிநாதரின் திருவுருவம், கடல் அச்சத்தால் மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகச் சமண மரபு கூறும். அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதி அந்த நேமிநாதரைப் பாடியது. நிகோதம் எனும் ஓரறிவு நுண்ணுயிர்கள் எண்ணற்றவையாக ஒரே உடலில் கூடி, உணவையும் மூச்சையும் பகிர்ந்து வாழ்வதாக அந்தச் சமணம் கருதியது. நுண்ணோக்கியில் கண்டறிந்ததன்று இது. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் துன்பம் செய்யலாகாது என்ற அக்கறையில் பிறந்த கருத்து. அந்த அக்கறை வியப்புக்குரியது.

ஆனாலும் அகிம்சை என்ற பெயர் இங்கே முழுதாகப் பொருந்தாது. கலைந்த கிருமிகள் இரத்தத்தில் பரவி நோயை முற்றச் செய்யலாம். ஆகவே உடன் ஆன்டிபயாடிக் தரவேண்டும், அல்லது உடலின் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கவேண்டும். கொலை தவிர்க்கப்படவில்லை, கைமாறுகிறது. இதற்குச் சமணமே வழி வைத்திருக்கிறது. துறவியின் மாவிரதம் எவ்வுயிரையும் விலக்குவதில்லை. இல்லறத்தாரின் அணுவிரதமோ ஈரறிவு முதலான இயங்கும் உயிர்களை வேண்டுமென்றே கொல்லாமையை முதன்மையாகக் கேட்கிறது. ஓரறிவு உயிர்களுக்குத் தவிர்க்க முடியாமல் நேரும் தீங்கை, தேவைக்கு மேல் போகாதபடி குறைக்கச் சொல்கிறது. நோயாளியைக் காக்கும் மருத்துவர் நிற்பது இல்லறத்தாரின் அளவுகோலில்தான். அந்த அளவுகோலில், குறைந்த மருந்தால் குணமாக்க உதவும் படலக்கலைப்பான் மேலான வழி. குற்றமற்ற வழி அன்று.