அந்தி வராத ஊரில்

கடல் தாண்டுவதை, மனிதனைப் பதிதனாக்கும் குற்றங்களில் ஒன்றாக வைக்கிறது பௌதாயன தர்ம சூத்திரம். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துப் போவதில்லை என்று பொருள் கொள்ளப்படும் சூத்திரம் தொல்காப்பியத்திலும் உண்டு. ஜூன் மாதம் என் கணவரும் நானும் நார்வேக் கரையோரமாகக் கப்பலில் போகக் கிளம்பியபோது, மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டார் யாரும் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "ஸ்வெட்டர் எடுத்துண்டேளா?" என்று கேட்டதோடு சரி.

எனக்குத்தான் கணித மேதை ராமானுஜன் ஞாபகம். குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்ன பிறகே அவர் அம்மா கோமளத்தம்மாள் சம்மதித்தாராம். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பல் ஏறினார். 1920 ஏப்ரலில் அவர் காலமானபோது, கடல் தாண்டியவர் என்று உறவினர் பலர் வரவில்லை. பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2008-ல் உடுப்பியில் புத்திகெ மடத்து சுகுணேந்திர தீர்த்தரின் பர்யாயம், அதாவது கிருஷ்ணன் கோவில் பூஜையை ஏற்கும் முறை, வந்தபோது, வெளிநாடு போய்வந்தவர் கிருஷ்ணனைத் தொட்டுப் பூஜை செய்யலாமா என்று மற்ற மடங்களிலிருந்து ஆட்சேபம் எழுந்தது.

இந்தத் தடையை வெறும் மூடநம்பிக்கை என்று நான் நினைக்கவில்லை. எங்கள் மைசூரில் ஷாமசாஸ்திரி 1905-ல் சுவடியிலிருந்து கண்டெடுத்தாரே அர்த்தசாஸ்திரம், அதில் கப்பல்களைக் கண்காணிக்கத் தனி அதிகாரியே இருக்கிறார். கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பெரியவர்கள் பயந்தது கடலுக்கு அல்ல என்பது என் எண்ணம். ஊரை விட்டுப் போனவனுடைய அனுஷ்டானம் என்ன ஆகும் என்றுதான் பயந்தார்கள். நியாயமான பயம்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தியில் விளக்கேற்றுவது என் வேலை. கப்பல் கேபினில் மெழுகுவத்திகூடக் கொளுத்தக் கூடாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வழியில் டிரோம்ஸோ ஊர் வருவதற்கு முன்பே அந்தி இல்லாமல் போயிற்று! வடமுனை என்கிற நார்ட்காப், 71 பாகை வடக்கே, 307 மீட்டர் உயரப் பாறை. மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் அஸ்தமிப்பதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடலுக்குமேல் அது வடக்கே நின்றது. நிழல்கள் நீண்டு கிடந்தனவே தவிர இருட்டவில்லை. மேருவில் இருக்கும் தேவர்களுக்கு அரை வருடம் பகல் என்று ஆர்யபட்டர் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலை என் கணவர் கேபின் மேசையில் சுவாமி படத்தை வைத்துச் சங்கல்பம் சொல்லத் தொடங்கினார். ஜம்புத்தீவு வந்தது. பரத கண்டம் என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. பஞ்சபாத்திரத்தில் உத்தரணியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இங்கே எப்படிச் சொல்றது?" அடுத்து வருவது மேருவின் தென்புறம். "அது இங்கேயும் சரிதானே, அதைச் சொல்லுங்கோ" என்றேன்.

சந்தியாவந்தனத்தில் நேரம் தவறியவருக்குப் பிராயச்சித்தமாக ஒரு அர்க்கியம் கூடுதல். நேரமே வராதவருக்கு? அவர் கப்பல் கடிகாரப்படி மாலை ஆறுக்குச் செய்தார். சூரியன் சாட்சியாக மேலே இருக்கிறார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

நான் வேறு வழி பிடித்தேன். மைசூரில் மருமகள் ஏறத்தாழ 6.45-க்கு விளக்கேற்றுவாள். அப்போது நார்வேயில் பிற்பகல் 3.15. அந்த நேரத்துக்குச் சன்னலோரம் கைகூப்பி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சுலோகங்களைச் சொன்னேன். எதிரே ஒன்றும் எரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு அந்த நிமிடம் நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது. சூரியன் அஸ்தமிக்காத காலத்தில் ரம்ஜான் வந்தால் டிரோம்ஸோ முஸ்லிம்களும் நோன்புக்கு மக்கா நேரத்தைப் பார்ப்பார்களாம். கேட்டதும் மனசு குளிர்ந்தது.

"அப்போ ராமானுஜன் கேம்பிரிட்ஜில் கும்பகோணம் நேரத்துக்கா சந்தி பண்ணியிருக்கணும்?" என்று மடக்கினார் அவர்.

"அங்கே சூரியன் அஸ்தமிக்கிறது, அதனால் அங்கத்து நேரம்" என்றேன்.

"அப்படின்னா சூரியன் இருக்கிற வரைக்கும் சூரியன், இல்லைன்னா மருமகளா?"

ஆமாம் என்றேன், இப்போதும் அதையே சொல்வேன். வேளையைக் காட்டிக்கொடுப்பது வானம். அதைத் தலைமுறையாகக் கைவிடாமல் வைத்திருப்பது மனுஷர்கள். வானம் காட்டாத இடத்தில் அந்த மனுஷர்களோடு சேர்ந்துகொள்வதில் எனக்குக் குறை தெரியவில்லை. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் ஒரு தம்பதி அடுத்த வருடம் அதே பக்கம் போகிறார்கள். அந்த மாமி சந்தேகம் கேட்டபோது, வீட்டில் யார் எத்தனை மணிக்கு விளக்கேற்றப் போகிறார்கள் என்று கிளம்புமுன் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.