பெயர் சொல்லா மன்றாட்டு

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு திருப்பலிக்கு விசுவாசிகள் மன்றாட்டு எழுதித் தரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. ஐந்தாவது மன்றாட்டாக, "சீன நாட்டில் சிறைப்பட்டு வாடும் உய்குர் இசுலாமிய மக்களுக்காக" என்று எழுதினேன். பிறகு தயக்கம் வந்தது. யார் இவர்கள் என்று வாசிப்பவரே கேட்பார். நம்மவர் படும் துன்பம் போதாதா என்று இன்னொருவர் கேட்பார். அந்த வரியை அடித்துவிட்டு, "உலகெங்கும் துன்புறும் மக்கள் அனைவருக்காகவும்" என்று மாற்றினேன். மன்றாட்டு வாசிக்கப்பட்டது. எவர் மனமும் புண்படவில்லை. எவர் மனமும் அசையவுமில்லை. நான் அடித்த அந்தக் கோடு மட்டும் என்னை விடவில்லை.

உய்குர் மக்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியைப் பேசுவோர். அதை அரபு வழி வந்த எழுத்தில் எழுதுவோர். 2020-ஆம் ஆண்டுச் சீனக் கணக்கெடுப்பின்படி 1 கோடியே 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தக்லமக்கான் பாலைவனத்தின் ஓரங்களில் உள்ள காஷ்கர், ஹோத்தான், துர்பான் போன்ற சோலை நகரங்கள் அவர்களது தாயகம். அந்நிலத்தை வென்ற மஞ்சு அரசர்கள் காலத்தில் வந்த பெயர்தான் சின்ஜியாங். 'புதிய எல்லை' என்று பொருள். அங்கேயே பிறந்து மடிந்த தலைமுறைகளுக்கு அது எப்படிப் புதிய எல்லையாகும் என்பது வேறு கதை. நமக்கும் அம்மண்ணோடு பழைய உறவு ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய ஆய்வாளர்கள் துர்பானுக்கு அருகே புலாயிக் என்னும் இடத்தில் அகழ்ந்தபோது, கீழைத் திருச்சபையினரின் சுவடிகள் கிடைத்தன. ஞானிகள் குழந்தை இயேசுவைத் தேடிச் சென்ற வரலாறு, பழைய உய்குர் மொழியிலேயே எழுதப்பட்டு, அவற்றுள் இருந்தது.

சீன அரசின் அச்சம் முற்றிலும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. 2009 ஜூலையில் உரும்ச்சி நகரில் நடந்த கலவரத்தில் அரசுக் கணக்கின்படி 197 பேர் இறந்தனர். 2014 மார்ச்சில் குன்மிங் இரயில் நிலையத்தில் கத்தியேந்தியோர் 31 பேரைக் கொன்றனர். மாண்டவர்களும் தாய் பெற்ற மக்களே. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் குற்றவாளியைத் தண்டிப்பது ஒன்று. ஓர் இனத்தின் தாடியையும் முக்காட்டையும், பிள்ளைகளுக்கு இடும் பெயரையுங்கூடக் குற்றத்தின் அடையாளமாக்குவது வேறொன்று. 2017-இல் வந்த 'தீவிரவாத ஒழிப்பு' விதிகள் இந்த இரண்டாவதையே செய்தன. அவ்வாண்டு முதல் பத்து இலட்சம் பேரோ அதற்கு மேலோ விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. முகாம்களே இல்லையென்று முதலில் மறுத்த அரசு, 2018 அக்டோபரில் அவற்றைத் 'தொழிற்பயிற்சி நிலையங்கள்' என்று சட்டமாக்கியது. 2019 டிசம்பரில் பயிற்சி பெற்றோர் அனைவரும் தேர்ச்சியுற்றனர் என்று அறிவித்தது. நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றோரைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. சின்ஜியாங்கின் பிறப்பு விகிதம் 2017-இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 16 ஆக இருந்தது. 2019-இல் 8 ஆகக் குறைந்தது. இரண்டே ஆண்டுகளில் தொட்டில்களில் பாதி வெறுமையாகின.

எண்களைவிட ஒருவரின் கதை என்னை அதிகம் உலுக்கியது. ராஹிலே தாவுத் என்பவர் சின்ஜியாங் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியை. பாலைவனத்தின் நடுவே 'மசார்' எனப்படும் இறையடியார் கல்லறைகள் உண்டு. மக்கள் நெடுந்தொலைவு பயணம் செய்து அங்கே வருவர். நட்டுவைத்த கம்புகளில் துணி கட்டி வேண்டுவர். பிள்ளை வரம் கேட்பர். திருத்தலத்தில் நேர்ச்சை செலுத்திப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஹிலே அவ்விடங்களுக்கெல்லாம் சென்று, கதைகளையும் பாடல்களையும் கேட்டு எழுதினார். அரசுக்கு எதிராக ஒரு கட்சியும் நடத்தியவரல்லர்; அவர் ஆய்வுக்குச் சீன அரசே நிதி தந்ததுண்டு. 2017 டிசம்பரில் பெய்ஜிங்கிற்குப் புறப்படுவதாகச் சொன்னவரை அதன்பின் குடும்பத்தார் காணவில்லை. நாட்டுப் பாதுகாப்புக்கு ஊறு செய்தாரென்று அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது உறுதியாக வெளியே தெரிந்தது 2023 செப்டம்பரில்தான். இதற்கிடையில் ஹோத்தானுக்கு அருகே இமாம் ஆசிம் தலத்தின் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. எழுதியவரும் இல்லை, எழுதப்பட்டதும் இல்லை என்னும் நிலை.

இனி என் கேள்வி. என்னைச் சார்ந்தவரைக் காப்பதற்காக, பிறர் படும் துன்பத்தைக் குறித்து நான் வாய்மூடி இருக்கலாமா?

இருக்கலாம் என்று சொல்லத்தக்கவர் சிலர் உண்டு. அயல்நாட்டில் வாழும் உய்குர் ஒருவன் பேசினால், ஊரிலுள்ள அவன் தாயின் கதவைக் காவலர் தட்டுவர். அவன் பேசாதிருந்தால் அதைக் கோழைத்தனம் என்று நாம் சொல்லத் துணியலாகாது. அரசுகளின் மௌனமோ வேறு வகை. 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம், சின்ஜியாங்கில் நடந்தவை மானிடத்திற்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று அறிக்கை வெளியிட்டது. அதைக் குறித்து விவாதிக்கவாவது செய்யலாமா என்பதே அக்டோபர் 6 அன்று ஜெனீவாவில் வாக்கெடுப்புக்கு வந்தது. வேண்டும் என்றோர் 17. வேண்டாம் என்றோர் 19. பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார் வேண்டாம் என்றன. உய்குர் மக்களின் மொழிக்கும் குருதிக்கும் உறவான கசகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் அவ்வாறே. நம் இந்தியா உள்ளிட்ட 11 நாடுகள் ஒதுங்கின.

நம் திருச்சபை? இங்குதான் என் பேனா தயங்குகிறது. ஆயர் நியமனம் குறித்து வத்திக்கான் 2018 செப்டம்பரில் சீனாவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் மும்முறை புதுப்பிக்கப்பட்டு, 2024-இல் மேலும் நான்காண்டுகள் நீண்டது. பிளவுபட்டுக் கிடந்த சீனக் கத்தோலிக்கரை ஒன்றுசேர்க்கும் முயற்சி அது. அங்கே ஒளிந்து திருப்பலி கண்டவர்களின் கண்ணீரை அறியாதவர் அதை எள்ளி நகையாட வேண்டாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளிவந்த நூலொன்றில், துன்புறுத்தப்படும் மக்களோடு உய்குர் மக்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பெய்ஜிங் உடனே மறுத்தது. அதற்கு அப்பால் உரோமை பெரும்பாலும் அடக்கியே வாசித்திருக்கிறது. எரிகோ சாலையில் குருவும் லேவியரும் விலகிப் போனது, பிணத்தைத் தொட்டால் ஆலயப் பணிக்குத் தீட்டாகும் என்று அஞ்சியே இருக்கலாம் என்பர் மறைநூல் அறிஞர் சிலர். அப்படியானால் அவர்கள் ஆலயத்தின் பொருட்டே விலகினார்கள். இந்த விளக்கத்தைப் படித்த நாள் முதல் அவ்வுவமை எனக்கு முன்போல் இனிப்பதில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், வாசகர் மறுக்கலாம். பேசாதிருப்பதன் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்க வேண்டும். தாய்க்காகப் பேசாதிருக்கும் மகன் தன் நெஞ்சு வெந்து அதைக் கொடுக்கிறான். வணிகத்துக்காகப் பேசாத அரசுக்காக முகாமில் இருப்பவன் கொடுக்கிறான். உரோமை தன் கணக்கை இறைவனுக்கு முன் சொல்லிக்கொள்ளும். அவ்விவேகம் சரியா தவறா என்று அறுதியிட எனக்குத் தகுதி போதாது. ஆனால் எனக்கும் பெய்ஜிங்கிற்கும் எந்த ஒப்பந்தமும் இல்லையே! என் சொல்லால் சிறைக்குப் போகக் காத்திருக்கும் ஆயர் எவருமில்லையே! பெரியவர்களின் விவேகத்தைக் கடன் வாங்கி என் சோம்பலுக்குப் போர்த்திக்கொண்டேன் என்பதே உண்மை. இழக்க எவ்வளவோ இருந்தும் பேசியவர்கள் உண்டு. 2020 ஆகஸ்டில் பல சமயத் தலைவர்கள் உய்குர் மக்களுக்காக வெளியிட்ட அறிக்கையில் யாங்கோன் கர்தினால் சார்லஸ் போவும் ஜகார்த்தா கர்தினால் சுகார்யோவும் கையொப்பமிட்டனர். இருவரும் நம் ஆசியக் கண்டத்து ஆயர்களே.

பேசி என்ன பயன் என்பார்க்கு என்னிடம் பெரிய விடை இல்லை. ராஹிலேயின் மகள் அமெரிக்காவிலிருந்து தாயின் பெயரை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார், தாய் விடுதலையாகவில்லை. எனினும் அந்தப் பெயர் எனக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது உங்களுக்கும் தெரியும்.

அடுத்த மாதம் மன்றாட்டு எழுதும் முறை மீண்டும் எனக்கு வருகிறது. வாசிப்பவர் தடுமாறக்கூடாது என்று 'உய்குர்' என்பதைப் பெரிய எழுத்தில் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.