உவர்நீரும் உயிர்வதையும்

உயிர்வதை என்பது செய்பவரின் எண்ணத்தைப் பொறுத்ததா, அல்லது செயலின் விளைவைப் பொறுத்ததா என்பது பௌத்தரும் சமணரும் நெடுங்காலம் வாதிட்ட வினா. எண்ணமே வினையாகும் எனப் பௌத்தம் கொள்ள, எண்ணாமல் செய்த தீங்கும் தீங்கே எனச் சமணம் வற்புறுத்தியது. செடிகொடிகளை மட்டுமன்றி மண்ணையும் நீரையும்கூட ஓரறிவுயிர்களாக அது கருதியதால், உழவுத்தொழில் முழுவதும் இவ்வினாவுக்குள் அடங்கிவிடுகிறது. சமணம் வேரூன்றிய மேற்கு ராஜஸ்தானில் பல கிணறுகளில் ஊறுவது இளநாற்றை மடியச் செய்யக்கூடிய உவர்நீரே என்பதால், கால்நடைக்குத் தீவனம் விளைவிக்க முனையும் உழவருக்கு இது ஏட்டளவிலான வினாவாக நின்றுவிடுவதில்லை.

விதை முளைக்க முதலில் நீரை உறிஞ்ச வேண்டும். மண்நீரில் உப்பு மிகும்போது, ஈரம் கண்ணெதிரே இருந்தும் விதையால் அதை எளிதில் ஈர்க்க இயலாமல் முளைப்பு தாமதமாகிறது; முளைத்த பின்னரோ சோடியமும் குளோரைடும் இளந்திசுக்களில் சேர்ந்து வேரைக் குறுக்கி இலைநுனியைக் கருக்குகின்றன. வெயில் மேல்மண்ணின் நீரை ஆவியாக்கி உப்பை அங்கேயே விட்டுச்செல்வதால், விதை கிடக்கும் மேலடுக்கே மிகவும் உவர்ப்பாகிறது. ஆழ வேரோடிய தீவனப் பயிரான குதிரை மசால் தாங்கிக்கொள்ளும் நீரில் அதன் நாற்று மடிவதற்கு இதுவும் ஒரு காரணம். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை, சுவைத்தாலும் பெரிதாக உறுத்தாத அந்நீரை, ஓராண்டில் 1000 மில்லிமீட்டர் அளவுக்குப் பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 10 டன் உப்பு வந்து சேர்கிறது. மழையோ மிகைநீரோ அதைக் கீழே கழுவிச் செல்லாவிடில், அடுத்த விதைப்பு அந்த உப்பிலேயே விழுகிறது.

நாற்றைக் கொல்லும் எண்ணம் இங்கே எவருக்கும் இல்லை. நீர் வார்ப்பதோ காக்கும் செயல். ஆயினும் எண்ணம் இல்லை என்பதோடு வழக்கு முடிந்துவிடாது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூல், விழிப்பற்ற செயலால் உயிர் நீங்கச் செய்வதையே இம்சை என வரையறுக்கிறது. அதாவது, வெறுப்பைப் போலவே கவனமின்மையும் குற்றத்தின் வேராகலாம். அதே மரபு, உழவுத்தொழிலைக் கற்பித்தவர் முதல் தீர்த்தங்கரரான ரிஷபரே எனக் கூறி, தொழில்வழித் தவிர்க்கவியலாத தீங்கை இல்லறத்தாருக்குப் பொறுத்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், தவிர்க்க முடிந்ததா என்பதே அளவுகோலாகிறது. உப்பு மெல்லச் சேர்வதால் அதன் தீங்கு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படாத தீங்கில் அறிந்துகொள்ளும் கடமை குறைவதில்லை, மிகுகிறது.

நீரின் உவர்ப்பைச் சோதித்தறிவதும், மழையீரத்திலோ நன்னீரிலோ விதைத்து முளை தேறிய பின் உவர்நீர் பாய்ச்சுவதும், உப்பு ஏறித் திரளும் பாரின் உச்சியை விட்டுச் சரிவில் விதையூன்றுவதும் இயலக்கூடியவை. இயன்றும் செய்யாதிருப்பது விழிப்பின்மையே. ஆனால் வேறு கிணறில்லாத, சோதனைக்கு வழியுமில்லாத உழவர்மீது முழுப்பழியையும் ஏற்றுவது அறமாகாது. நீரின் குணத்தை அறிந்திருந்தும் அவருக்கு எடுத்துச் சொல்லாதவர்களே இக்குற்றத்தில் பெரும்பங்கு உடையவர்கள்.