கருவில் உள்ள அமானிதம்



சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கண்ட மண் நம் சேலம் மண். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அவர்களின் ஆட்சியில் அச்சட்டம் இங்கே அமுலுக்கு வந்தது. இன்றைய நாமக்கல்லும் அன்று சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. மனிதர்கள் இயற்றிய அந்தச் சட்டம் 1971-இல் தளர்ந்தது. இன்று அரசு நிறுவனமே மது விற்கிறது. ஆனால் ஸூரத்துல் மாயிதாவில் அல்லாஹுத்தஆலா விதித்த மதுவிலக்கு பதினான்கு நூற்றாண்டுகளாகியும் தளரவில்லை.

அந்த விலக்கலின் ஹிக்மத்துகளில் ஒன்றை மருத்துவர்கள் வெகு பிற்காலத்தில்தான் கண்டார்கள். கர்ப்பிணி அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் அடைகிறது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளிடம் காணும் முகக் குறைபாடு, வளர்ச்சிக் குறைவு, அறிவு மந்தம் ஆகியவற்றைச் சேர்த்து, 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் தனி நோயாகப் பெயரிட்டார்கள். இந்த அளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்ல அவர்களால் இன்றும் முடியவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு வலி தீரப் பிராந்தி கொடுக்கலாம் என்று யாரேனும் சொன்னால், அந்தப் பேச்சைச் செவியில் வாங்காதீர்கள். அது பாலிலும் கலக்கும்.

"எங்கள் வீட்டுப் பெண்கள் மதுவைக் கண்ணாலும் பார்ப்பதில்லையே" என்பீர்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பரமத்தி வேலூர் வெற்றிலையோடு பாக்கு, சுண்ணாம்பு, அவற்றின் பக்கத்தில் ஒரு துண்டுப் புகையிலை! "மசக்கைக் குமட்டலுக்கு ஒரு வாய் போட்டால் அடங்கும்" என்று பெரியவர்களே எடுத்துக் கொடுப்பதும் உண்டு. மெல்லுகிற புகையிலையிலும் நிகோடின் என்னும் நஞ்சு இருக்கிறது. அது வாயிலிருந்து இரத்தத்தில் ஏறி, சிசுவை அடைகிறது. எடை குறைந்த பிள்ளை, குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே பிள்ளை இறந்துவிடுதல் ஆகிய ஆபத்துகள் இதனால் அதிகமாகின்றன. பாலிலும் அது சேர்ந்து குழந்தையின் உறக்கத்தைக் கெடுக்கிறது.

ஆண்களே! பழியைப் பெண்கள் மீது மட்டும் போட்டுவிடாதீர்கள். நீங்கள் வீட்டுக்குள் ஊதும் பீடியின் புகையைக் கர்ப்பிணியும் சுவாசிக்கிறாள், தொட்டில் குழந்தையும் சுவாசிக்கிறது.

"புகையிலை ஹராமா, மக்ரூஹா?" என்று சிலர் வாதத்துக்கு வருவார்கள். நாம் அவர்களிடம் ஒன்றையே கேட்கிறோம். ரமளான் நோன்பு பர்ளு. ஆயினும் பிள்ளைக்குக் கேடு வருமென்று அஞ்சும் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய நம் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில், பிள்ளைக்காக மட்டும் விட்டவள் பித்யாவும் கொடுப்பாள். பிறவாத பிள்ளைக்காக அல்லாஹ் தன் பர்ளையே பிற்படுத்தித் தருகிறான். நாம் ஒரு துண்டுப் புகையிலையைப் பிற்படுத்த மாட்டோமா? பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த விதி. "வேண்டாம்" என்று சொல்ல வாயில்லாத அந்தச் சிசுவை விட அந்த விதிக்கு உரியவர் யார்?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஸூரத்துல் பகராவில் முழுமையான பாலூட்டலுக்கு இரண்டாண்டுகள் சொல்லப்பட்டுள்ளன. புகையிலைப் பழக்கமுள்ள தாய் நிறுத்த வேண்டியது புகையிலையையே, பாலை அல்ல. தூக்க மாத்திரைக்கோ போதை தரும் மருந்துக்கோ பழகிப்போனவள் தானாகத் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் மறைக்காது சொல்லட்டும். தாய் பழகிய போதைக்கு வயிற்றுப் பிள்ளையும் பழகி, பிறந்தபின் நடுங்கி அழுவதுண்டு. வைத்தியம் தேடுவதில் வெட்கம் இல்லை. அவளை ஏசாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வது கணவன், மாமியாரின் கடமை.

பிள்ளை நம் சொத்தன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பழுதின்றிக் காக்கும் தவ்பீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.