அடுப்படியில் ஐந்து கொலைக்களங்கள்

அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம். நம் பாட்டிமார் இவற்றை வீட்டுச் சாமான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயமோ, இல்லறத்தான் வீட்டில் உள்ள ஐந்து கொலைக்களங்கள் என்கிறது. விறகோடு எரியும் பூச்சி, அம்மியில் அரைபடும் வண்டு, பெருக்கும்போது அடிபடும் எறும்பு, உலக்கைக்கு அடியில் சாகும் அந்து, குடத்து நீரில் மூழ்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர். கொல்ல வேண்டும் என்று யாரும் எழுந்து வரவில்லை. ஆனாலும் ஒரு வேளைச் சோறு பொங்கி இறக்குவதற்குள் வீட்டின் கணக்கில் பாவம் ஏறிவிடுகிறது.

பரிகாரமும் அங்கேயே இருக்கிறது. வேதம் ஓதுதல், முன்னோர்க்கு நீர்க்கடன், தேவர்க்கு ஆகுதி, பிற உயிர்களுக்குச் சோற்றுப் பலி, விருந்தினரை உபசரித்தல் என்று நாள்தோறும் ஐந்து வேள்விகள். சோற்றுப் பலி யாருக்கு என்ற பட்டியலில் நாய், காக்கை, புழு எல்லாம் உண்டு. சமூகம் ஒதுக்கிவைத்த மனிதர்களும் நோயாளிகளும் அதே வரிசையில் வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கருணை காட்டும் இடத்திலும் அந்த நூல் தன் படிநிலையை விட்டுக்கொடுக்கவில்லை.

அம்மியில் அரைத்ததும் வாசல் பெருக்கியதும் குடம் சுமந்ததும் பெண். வசதியுள்ள வீடுகளில் வேலைக்காரப் பெண். வேள்வி செய்து கரையேறுகிறவன் வீட்டுத் தலைவன். அவளுக்கென்று அதே அத்தியாயம் ஒன்றை ஒதுக்கியிருக்கிறது: மாலையில் சமைத்த உணவிலிருந்து மனைவி பலி இடலாம், மந்திரம் இல்லாமல். வினை ஒருத்தியின் கையில், கழுவாய் இன்னொருவனின் வாயில். வீட்டு வேலையில் நேரும் தீங்கை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்தவர்கள், அந்த வேலையைச் செய்கிறவளை ஏன் கவனிக்காமல் விட்டார்கள்?

கணக்குப் பார்ப்பதில் சமணரை மிஞ்ச ஆளில்லை. அவர்களுக்கு மண், நீர், தீ, காற்று ஒவ்வொன்றும் உயிரின் உடல். அடுப்பு மூட்டினாலும் தீங்கு, அணைத்தாலும் தீங்கு. பகவதி சூத்திரத்தில் இந்தக் கேள்வியை மகாவீரரிடமே கேட்கிறார்கள்: தீயை மூட்டுகிறவன், அணைக்கிறவன், இருவரில் யாருக்கு வினை அதிகம்? மூட்டுகிறவனுக்குத்தான் என்பது பதில். அணைக்கிறவன் தீயுயிர்களை அதிகம் கொல்கிறான். மூட்டுகிறவனோ மண், நீர், காற்று, செடி, ஊர்வன என மற்றவற்றையெல்லாம் அதிகம் வதைக்கிறான். சமையலறை வாசலில் நின்றுகொண்டு இப்படி ஒரு கேள்வியை வேறு எந்த மரபும் கேட்டிருக்குமா என்பது சந்தேகமே.

இந்தக் கணக்கிலிருந்துதான் அவர்களுடைய சமையல் விதிகள் பிறந்தன. தண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்க வேண்டும். விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழும். மழைக்காலம் நான்கு மாதமும் பலர் கீரையைத் தொடுவதில்லை. கிழங்கு ஒன்றில் எண்ணற்ற உயிர்கள் ஓருடலைப் பங்கிட்டு வாழ்கின்றன என்பதால் வெங்காயம், பூண்டு, இஞ்சி எல்லாம் விலக்கு. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த உருளைக்கிழங்கும், விதி எழுதிய காலத்தில் இங்கே இல்லாவிட்டாலும், அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

இத்தனை கறாராக இருந்தவர்கள் இல்லறத்தாருக்கு ஒரு வழியும் விட்டார்கள். தீங்கை நான்காகப் பிரித்தார்கள்: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. சமைப்பது, துவைப்பது, பெருக்குவது, வீடு கட்டுவது எல்லாம் இரண்டாம் வகை. இல்லறத்தான் முதல் வகையை அடியோடு விட வேண்டும். மற்றவற்றைக் கவனத்தோடு குறைத்துக்கொண்டே வர வேண்டும். முழுத் தூய்மை துறவிக்கு மட்டும்.

ஆனால் அந்தத் துறவி எப்படிச் சாப்பிடுகிறார்? திகம்பர முனிவர் அடுப்பு மூட்டமாட்டார். நாளுக்கு ஒரே முறை, ஓர் இல்லறத்தாரின் வீட்டில், நின்றபடி கையேந்தி உண்பார். தனக்கென்று சமைத்ததை ஏற்கக் கூடாது என்பது நெறி; வீட்டுக்காரர் தமக்காகச் சமைத்ததில் ஒரு பங்குதான் அவருக்கு. அவர் கையிலும் ஒரு துடைப்பம் உண்டு. மயில் தானே உதிர்த்த பீலிகளைக் கட்டியது. உட்காரும் முன் இடத்தை மெல்ல ஒதுக்கித் தள்ளுவதற்கு. வீட்டிலிருந்தால் கொலைக்களம், முனிவர் கையிலிருந்தால் அருளின் அடையாளம். இதில் போலித்தனம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அவர்களுடைய கடுமை அப்பழுக்கற்றது. ஆயினும் அந்தத் தூய்மை நடமாடுவதற்கு எங்கோ ஒருத்தி தினமும் அடுப்பு மூட்டியாக வேண்டியிருக்கிறது.

பௌத்த விநயத்திலும் கதை இதுதான். பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது, செடியைப் பறிக்கக் கூடாது, உயிருள்ள நீரைப் புல்லிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. முளைக்கக்கூடிய விதையுள்ள பழத்தை அவர் உண்ண வேண்டுமானால், இல்லறத்தார் ஒருவர் அதைக் கத்தியாலோ நகத்தாலோ கீறியோ நெருப்பில் காட்டியோ ‘தகும்’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தேரவாத மடங்களில் இன்றும் நடக்கிற சடங்கு இது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கீறுகிற நகம் வேறொருவருடையது. சீனத்தில் சென் மரபினர், குறிப்பாக 814இல் மறைந்த பாய்ஜாங், இந்த ஏற்பாட்டை ஒரு விதத்தில் உடைத்தார்கள். வேலை செய்யாத நாளில் சோறு இல்லை என்று துறவியர் கையில் மண்வெட்டியைக் கொடுத்த மரபு அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது.

அடுப்படியைத் தாண்டிக் கொல்லைக்குப் போனால் சிக்கல் இன்னும் கூடுகிறது. இரும்புக் கொழு மண்ணையும் மண்ணில் உள்ள உயிர்களையும் குத்துகிறது என்பதால் உழவைச் சான்றோர் பழிக்கிறார்கள் என்கிறது மனுஸ்மிருதி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமச்சந்திரரின் யோகசாத்திரம், நிலத்தை அகழ்ந்து செய்யும் தொழிலைச் சமண இல்லறத்தாருக்கு ஆகாத பதினைந்தில் ஒன்றாக வைத்தது. அதற்கு மூன்று நூற்றாண்டு முன்பு ஜினசேனர் எழுதிய ஆதிபுராணமோ, மக்களுக்கு உழவைக் கற்றுக்கொடுத்ததே முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவர்தான் என்கிறது. சமணர் என்றாலே வணிகர் என்ற வடக்கத்திப் படத்துக்குத் தமிழ்ச் சமணர் பொருந்துவதில்லை. செஞ்சி, வந்தவாசி, மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நெல்லும் மணிலாவும் போட்டு வந்தவை. ஏரும் ஓட்டினார்கள், இருட்டுவதற்கு முன் உண்டும் முடித்தார்கள்.

வள்ளுவருக்கு இந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் அதிகாரம் தந்தவர், உழவுக்கும் தந்தார். கொடியவரை அரசன் கொலைத்தண்டனையால் ஒறுப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிட்டார். களை பிடுங்குவது தீங்கு என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் நின்றது பயிரின் பக்கம். விவசாயியின் பார்வை இது, துறவியுடையது அல்ல.

வள்ளலாரின் நிலை இன்னும் விசித்திரம். வாடிய பயிருக்காக வருந்தியவர் அவர். செடிகொடியும் உயிர்தானே, அவற்றை உண்பது கொலை ஆகாதா என்ற கேள்வியை சீவகாருண்ய ஒழுக்கத்தில் தானே எழுப்பிப் பதில் சொல்கிறார். விதையும் காயும் கனியும் நகத்தையும் ரோமத்தையும் போன்றவை, எடுத்தால் வலிக்காது என்று போகிறது விளக்கம். வாதமாக நிறுத்தினால் இது எளிதில் ஆட்டம் காணும். கீரைத்தண்டை வேரோடு பிடுங்கியவர்களிடம் கேட்டால் நகம் வெட்டியது மாதிரி இருந்தது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் செய்தது வாதத்தைவிட வலுவானது. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையில் அடுப்பை மூட்டினார். மனு முதல் கொலைக்களமாக எண்ணிய அதே அடுப்பைப் பசித்தவருக்காகத் திறந்துவைத்தார். அந்த நெருப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஜாதி பார்க்காமல் எல்லோருக்கும் சோறு. இங்கே சமைப்பதற்குத் தனியாகக் கழுவாய் தேவைப்படவில்லை.

காந்தியும் தோட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார். 1928இல், பிழைக்க வழியின்றித் துடித்த ஆசிரமக் கன்றுக்குட்டியை மருந்து செலுத்திக் கொல்லச் சம்மதித்ததற்காக அவர்மேல் வசைக் கடிதங்கள் குவிந்தன. அதற்குப் பதில் எழுதியபோதே, பயிரை நாசம் செய்யும் குரங்குகளை என்ன செய்வது என்ற கேள்வியையும் அவர் ஒளிக்காமல் எழுப்பினார். கன்றின் விஷயத்தில் இருந்த தெளிவு குரங்கின் விஷயத்தில் இல்லை. கன்றுக்கு அது விடுதலை என்று சொல்லலாம். குரங்கைக் கொன்றால் லாபம் கொல்கிறவனுக்கு.

இன்று அந்த ஐந்து சாமான்களில் நான்கு வீட்டில் இல்லை. உரலும் அம்மியும் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் இடம் விட்டன, கேஸ் அடுப்பில் விறகுப்பூச்சி கிடையாது, குடம் குழாயாயிற்று. துடைப்பம் மட்டும் பாக்கி, பல வீடுகளில் அதுவும் சம்பளத்துக்கு வருகிற பெண்ணின் கையில். தீங்கு குறைந்ததா என்றால், கண்ணுக்கு மறைந்தது என்பதே சரி. சேமிப்புக் கிடங்கில் அரிசி மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறார்கள். அதிலிருந்து கிளம்பும் நச்சு வாயு வண்டு, அந்து, முட்டை எல்லாவற்றையும் முடித்துவிடும். முன்பு அரிசியில் வண்டு விழுந்தால் முறத்தில் பரப்பி வெயிலில் வைப்பார்கள்; அது தானே ஊர்ந்து வெளியேறும். சங்கதி தெரிந்த வீடுகளில் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் டப்பாவில் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எறும்புக்கு இரை என்று சொல்லப்பட்ட அரிசிமாக் கோலமும் பெரும்பாலான வாசல்களில் கல்மாவாகிவிட்டது.

மறைந்ததைத் திரும்பக் கண்முன் கொண்டுவந்தது மாடித்தோட்டம். ஆடியில் விதை ஊன்றியவர்கள் புரட்டாசிக்குள் மாவுப்பூச்சியையும் அசுவினியையும் நேருக்கு நேர் பார்த்துவிடுகிறார்கள். ரசாயனம் வேண்டாம் என்று வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கிறவர்கள் அதை அகிம்சை என்று நம்புவதும் உண்டு. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல் செய்கிறது, தோலுரித்து வளரவிடாமல் தடுக்கிறது. பூச்சி மெதுவாகச் சாகிறது, அவ்வளவுதான். கத்தரியில் தண்டுத் துளைப்பான் வந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு சேர்த்துக் கிள்ளி அழிக்க வேண்டும், அதுவும் வாரத்துக்கு இரண்டு முறையாவது. பலர் அந்தக் குருத்துகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுகிறார்கள். சிலர் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். காயில் துளை கண்டால் அதையும் விட்டுவைப்பதில்லை, பறித்து நறுக்கிப் பார்த்து, நல்ல பாதி குழம்புக்குப் போகிறது.