வயதுக்கேற்ற சம்பளம்

வயதுக்கேற்ற சம்பளம்தான் வாங்குகிறோமா என்பது முப்பதுகளின் நடுவில் இருக்கும் பலரை வாட்டும் ஐயம். என்னையும் நெடுநாள் வாட்டியது. எனக்கு நானே தேடிக்கொண்ட விடையைக் குருவும் சீடனும் பேசும் பழைய முறையிலேயே எழுதியிருக்கிறேன். சீடன் 2012இல் பொறியியல் முடித்துச் சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் சேர்ந்தவன். 2024 கடைசியில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவன்.

சீடன்: ஐயா, எனக்கு 34 வயது. ஆண்டுக்கு 16 லட்சம் வாங்குகிறேன். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் பெங்களூரில் 32 லட்சம் வாங்குகிறான். என் வயதுக்கும் அனுபவத்துக்கும் என் சம்பளம் சரிதானா?

குரு: 16 லட்சம் வாங்குகிறாய் என்று யார் சொன்னது?

சீடன்: கம்பெனி கொடுத்த கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

குரு: அது சி.டி.சி. உன் பொருட்டு நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் அதில் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 6,40,000 ரூபாய். அதில் 12 சதவீதம் நிறுவனத்தின் பங்காக பி.எஃப்.புக்குப் போகிறது, 76,800. பணிக்கொடைக்கென்று 4.81 சதவீதம், ஏறத்தாழ 31,000. நிரந்தர வேலையில் ஐந்து ஆண்டு நிறைவு செய்தவனுக்குத்தான் பொதுவாக அது கைக்கு வரும். வேரியபிள் பே என்று பத்து சதவீதம். ஆண்டு முடிவில் முழுதும் வரலாம், பாதியும் வரலாம். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தையும் கணக்கில் சேர்த்திருப்பார்கள். இவை கழிந்து, உன் பங்கு பி.எஃப்.பும் வருமான வரியும் பிடித்தபின் மாதம் உன் வங்கிக் கணக்கில் என்ன ஏறுகிறது?

சீடன்: தொண்ணூற்றைந்தாயிரத்தை ஒட்டி வரும்.

குரு: உன் நண்பனுக்கு?

சீடன்: கேட்டதில்லை. அவனுக்குப் பங்குகளாகவும் தருகிறார்கள் என்று கேள்வி.

குரு: கிணற்றை எட்டிப் பார்க்கிறவன் கண்ணுக்கு நீர்மட்டம்தான் தெரியும். ஊற்று எங்கே இருக்கிறது, எத்தனை அடி தோண்டினார்கள், நாளுக்கு எத்தனை குடம் இறைக்கிறார்கள், சித்திரை வெயிலில் எவ்வளவு வற்றும் என்பதெல்லாம் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நீர் மேலே நிற்கிறது என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நீ கலங்கி நிற்கிறாய். நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாகக் கைக்கு வரும் பங்கையும், அது விலை இறங்கினால் குறைந்துபோகும் என்பதையும் சேர்த்தால்தான் அந்த 32 என்னவென்று தெரியும்.

சீடன்: சரி. ஆனால் ‘இந்த வயதில் இவ்வளவு இருக்க வேண்டும்’ என்று ஓர் அளவு உண்டு அல்லவா? எங்கள் அப்பா காலத்தில் எல்லோரும் அப்படித்தானே பேசினார்கள்?

குரு: பேசினார்கள். அவர்கள் பேசியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் உன் தொழிலில் இல்லை. அரசு வேலையில் சேர்ந்தவருக்கு ஊதிய அட்டவணை என்று ஒன்று உண்டு. ஏழாவது ஊதியக் குழு மத்திய அரசு ஊழியருக்கு 2016 ஜனவரி முதல் வகுத்ததில் கீழ்ப்படி 18,000 ரூபாய், மேல்படி 2,50,000. ஆண்டுதோறும் மூன்று சதவீத ஊதிய உயர்வு. விலைவாசிக்கு ஈடாக ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி. எந்தப் படியில் சேர்ந்தார், எத்தனை ஆண்டு ஆயிற்று என்று தெரிந்தால் ஒருவரின் சம்பளத்தைப் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடலாம். ரயில்வேயிலும் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்த ஒரு தலைமுறை, வயது ஏறினால் சம்பளம் ஏறும் என்பதை இயற்கை விதியாகவே எடுத்துக்கொண்டது. அது விதியல்ல, ஓர் அட்டவணை.

தொழிலுக்குத் தொழில் வயதின் கணக்கு வேறு. மருத்துவம் படிப்பவர் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதன்பின் மூன்று ஆண்டு மேற்படிப்பு, நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் படித்த காலம் என்று முப்பதை எட்டும்போதுதான் நிமிர்கிறார். முப்பதில் அவரை உன்னோடு ஒப்பிட்டால் ஏழை. ஐம்பதில் ஒப்பிட்டால் கதை வேறு. இளம் வழக்கறிஞர்களின் நிலை எவ்வளவு மோசமென்றால், மூத்தவர்கள் தம்மிடம் பயிலும் இளையவர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 முதல் 20,000 வரை தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் தேறியவர் அதே நீதிமன்றத்தில் அறுபது வயதில் தொழிலின் உச்சியில் இருப்பார். உன் துறையில் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேகமாக ஏறும். பிறகு மெல்ல ஏறும். நாற்பத்தைந்துக்குப் பிறகு வேலையே நிலைக்குமா என்ற கவலை வரும். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு அறுபது வயது வரை வேலை உறுதி. ஆகவே முப்பத்து நான்கு வயது மென்பொருள்காரனையும் முப்பத்து நான்கு வயது வருவாய்த்துறை உதவியாளரையும் பக்கத்தில் நிறுத்தி, யார் முன்னால் இருக்கிறார் என்று கேட்பதில் பொருளே இல்லை. பிள்ளை பெற்று மூன்று நான்கு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய பெண்ணை வயதால் அளப்பது இன்னும் அநியாயம். அவள் வயதை விட்டுவிட்டு அவள் செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

சீடன்: என் நண்பனும் நானும் ஒரே தொழில்தானே ஐயா. வயது ஒன்று, படிப்பு ஒன்று, சேர்ந்த ஆண்டும் ஒன்று. மதிப்பெண்ணில் நான்தான் ஒருபடி மேல். அவன் உழைப்புக்கு உலகம் இரண்டு ரூபாய் தருகிறது, என் உழைப்புக்கு ஒரு ரூபாய். அப்படியானால் என் வேலை அவன் வேலையில் பாதிதான் பெறும் என்றுதானே பொருள்? மனத்தை அறுப்பது அதுதான். பணம் குறைவு என்பதைத் தாங்கிக்கொள்ளலாம்; நான் குறைவு என்பதைத் தாங்க முடியவில்லை.

குரு: இதைத்தான் நீ முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பொறுமையாகக் கேள்.

உன் நிறுவனம் எதை விற்கிறது? ஆளின் நேரத்தை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை டாலர் என்று ஒப்பந்தம். இரண்டு நாள் வேலையை நீ ஒரே நாளில் முடித்தாலும் பில்லில் எட்டு மணி நேரம்தான் ஏறும். அந்த டாலருக்குள்தான் உன் சம்பளமும், புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளமும், கட்டட வாடகையும், லாபமும் அடங்க வேண்டும். உன் நண்பனின் நிறுவனம் செய்பொருளை விற்கிறது. ஒருமுறை எழுதிய நிரலை லட்சம் பேருக்கு விற்கலாம். அடுத்த ஆளுக்கு விற்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். நீங்கள் இருவரும் ஒரே திறமையோடு ஒரே எட்டு மணி நேரம் உழைத்தாலும் அந்த உழைப்பு பாயும் நிலம் வேறு. உன் கிணறு பாறையில் தோண்டியது, அவனுடையது ஆற்றுப் படுகையில் தோண்டியது. தோண்டியவன் கைவலிமையை நீர்மட்டத்தை வைத்து எப்படிச் சொல்வாய்?

அடுத்தது, தொடக்கம். புதிய வேலைக்குப் போகும்போது எச்.ஆர். முதலில் கேட்பது என்ன? இப்போது என்ன வாங்குகிறாய் என்பதை. பே ஸ்லிப்பைக் காட்டச் சொல்வார்கள். அதன்மேல் இருபது முப்பது சதவீதம் என்று பேச்சு நடக்கும். ஆக, முதல் வேலையின் எண் இரண்டாவது வேலையிலும் மூன்றாவது வேலையிலும் தொடர்ந்து வந்து நிற்கிறது. 2012இல் உனக்கு 3.25 லட்சமும் அவனுக்கு 6 லட்சமும் என்றால், அந்த இடைவெளிதான் வட்டி போட்டு வளர்ந்திருக்கிறது. அந்த இடைவெளி உண்டானது வளாக நேர்காணலில், ஒரே ஒரு நாளில், அன்றைக்கு எந்த நிறுவனம் எத்தனை பேரைத் தேடி வந்தது என்பதைப் பொறுத்து. வேலை மாறிய காலமும் அப்படித்தான். 2021, 22இல் ஆள் கிடைக்காமல் நிறுவனங்கள் அலைந்தபோது மாறியவன் பெற்ற உயர்வு, 2023க்குப் பிறகு மாறியவனுக்குக் கிட்டவில்லை. திறமை இரண்டு ஆண்டில் கூடிக் குறைந்துவிடவில்லை.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில், ஒரு தொழிலில் கூலி கூடவும் மற்றொன்றில் குறையவும் ஐந்து காரணங்கள் சொன்னார். வேலை இனிமையானதா கடுமையானதா. கற்றுக்கொள்ள எவ்வளவு செலவாகும். வேலை தொடர்ந்து கிடைக்குமா விட்டுவிட்டுக் கிடைக்குமா. செய்பவர் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டியிருக்கிறது. அத்தொழிலில் தேறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு. கவனித்துப் பார். ஐந்தும் தொழிலைப் பற்றியவை. ஆளின் வயது அதில் இல்லை. அவன் நல்லவனா, பெறுமதி உள்ளவனா என்பதும் இல்லை. கூலி என்பது, உன்னிடத்தில் இன்னொருவரை அமர்த்த என்ன செலவாகும் என்பதற்கும், நீ போய்விட்டால் என்ன நஷ்டம் என்பதற்கும் நடுவில் எங்கேயோ நிற்கும் ஒரு விலை. செவிலியரும் தூய்மைப் பணியாளரும் ஒரு வாரம் வராவிட்டால் நகரம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அவர்கள் சம்பளம் அதைச் சொல்கிறதா?

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. உன் நண்பன் மாலைகளில் உட்கார்ந்து படித்திருக்கலாம். நேர்காணல்களில் பலமுறை தோற்று மீண்டும் போயிருக்கலாம். அந்தப் பங்கு அவன் உழைப்பு. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளினால் நீ செய்யக்கூடியதையும் சேர்த்துத் தள்ளியவனாவாய். ஆழப்படுத்தக்கூடிய கிணறு என்றால் ஆழப்படுத்து. பாறை என்பதற்காக வெட்கப்படாதே.

சீடன்: திருப்தியாக இருந்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாதே?

குரு: திருப்தி உன் மனத்தைச் சேர்ந்தது, சம்பளம் சரியா என்பது ஒப்பந்தத்தைச் சேர்ந்தது. இரண்டையும் கலக்காதே.

சீடன்: பிறர் சம்பளத்தை விசாரிப்பது அநாகரிகம் என்கிறார்களே?

குரு: அப்படிச் சொல்வதில் யாருக்கு லாபம் என்று யோசி. மேலே போவோம்.

சீடன்: அப்படியானால் எதை வைத்துத்தான் அளப்பது?

குரு: முதலில் உன்னையே கொண்டு அளந்து பார். 2012ஆம் ஆண்டு விலைகளை 100 என்று வைத்துப் போட்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2024 கடைசியில் 195ஐ ஒட்டி நின்றது. அன்றைக்கு வாங்கிய 3.25 லட்சத்தை வாங்கும் சக்தி குறையாமல் காப்பாற்றவே இன்றைக்கு 6.3 லட்சம் வேண்டும். நீ வாங்குவது அதில் இரண்டரை மடங்கு. பன்னிரண்டு ஆண்டில் நீ பின்வாங்கவில்லை. ஆனால் பெரிய சேவை நிறுவனங்களில் இன்று சேரும் பிள்ளைகளுக்கு இப்போதும் மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் தருகிறார்கள். வாங்கும் சக்தியில் பார்த்தால், உன் தம்பி வயதுக்காரர்கள் நீ தொடங்கிய இடத்தில் ஏறக்குறைய பாதியில் தொடங்குகிறார்கள். எனக்கு இதுதான் உன் நண்பனின் 32 லட்சத்தைவிடப் பெரிய கவலை. கடந்த மூன்று ஆண்டில் உனக்கு என்ன ஹைக் கிடைத்தது என்றும் பார். இந்தப் பன்னிரண்டு ஆண்டில் விலைகள் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஐந்தரைச் சதவீதம் ஏறியிருக்கின்றன. ஐந்து சதவீதம் ஏற்றிக் கொடுத்து மேலாளர் கைகுலுக்கினால் அது உயர்வல்ல.

பிறகு தேவை. 1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை வகுக்கத் தொழிலாளியின் வயதைக் கேட்கவில்லை. குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாக எடுத்துக்கொண்டது. சாப்பாட்டை ஊட்டச்சத்து வல்லுநர் அய்க்ராய்டின் கணக்கில் வைத்தது. ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் மற்றவற்றுக்கும் 20 சதவீதம் என்று எழுதியது. உச்ச நீதிமன்றம் பின்னாளில் பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. ஏழாவது ஊதியக் குழு அந்த 18,000க்கு வந்து சேர்ந்ததும் இந்த வழியில்தான். நீயும் அப்படி ஒரு தாள் எழுது. வேளச்சேரி வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரில் அம்மாவுக்கு அனுப்புவது, வீட்டுக் கடன் இஎம்ஐ. உன் கிணற்றில் எத்தனை பேர் இறைக்கிறார்கள் என்று தெரியாமல் நீர் போதுமா என்று சொல்ல முடியாது.

வயது இங்கேதான் உள்ளே வருகிறது. உன் வயதுக்காரர் என்ன வாங்குகிறார் என்று அது கேட்பதில்லை. சம்பாதிக்க இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று கேட்கிறது. உன் துறையில் ஐம்பதைத் தாண்டி இதே சம்பளம் தொடரும் என்று எண்ணித் திட்டம் போடாதே. பதினாறு ஆண்டு என்று வை. அந்தப் பதினாறு ஆண்டில் ஒதுக்குவது, அதற்குப்பின் வரும் முப்பது ஆண்டைத் தாங்குமா? தாங்கும் அளவுக்கு மாதா மாதம் மிஞ்சினால் உன் வயதுக்கு உன் சம்பளம் நல்லது. மிஞ்சாவிட்டால் 32 லட்சமும் போதாது.

சீடன்: தாள் எழுதிப் பார்த்தேன் என்று வையுங்கள். மிஞ்சுவது போதவில்லை. செலவிலும் குறைக்க இடமில்லை. அப்போது?

குரு: அப்போது சந்தையைக் கேள். உன் வயதைச் சொல்லாதே, உன் வேலையைச் சொல். இதே வேலைக்கு, இதே ஊரில், இதே அனுபவத்தோடு ஆள் எடுக்கும் மூன்று நான்கு இடங்களில் நேர்காணலுக்குப் போ. அவர்கள் எழுத்தில் தரும் எண்தான் உன் வேலையின் இன்றைய விலை. நண்பர்கள் வாய்மொழியாகச் சொல்வது அல்ல. மூன்று இடத்திலும் 22 லட்சம் என்றால் நீ குறைவாக வாங்குகிறாய். மூன்றிலும் 17 என்றால் உன் சம்பளம் சரியாகத்தான் இருக்கிறது, உன் வேலையைத்தான் மாற்ற வேண்டும். அதற்குப் படிக்க ஓர் ஆண்டு ஒதுக்கு.

சீடன்: கையில் 22 லட்சத்துக்குக் கடிதம் இருந்தால் என் மேலாளரிடம் போய்க் காட்டலாமா?

குரு: போவதற்கு உண்மையிலேயே தயாராக இருந்தால் மட்டும் காட்டு. அப்ரைசல் கடிதம் கைக்கு வரும் ஏப்ரல் வரை காத்திராதே. யாருக்கு எவ்வளவு என்று உன் பிரிவுக்கான தொகையை அதற்கு முன்பே, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிவு செய்துவிடுவார்கள். டிசம்பரிலேயே பேசு. உன் வயதையும் நண்பனையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதே. இந்த ஆண்டு நீ எந்த வேலையை முடித்தாய், அதனால் வாடிக்கையாளருக்கு என்ன மிச்சமாயிற்று, நீ கேட்கும் தொகை என்ன என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பதிலுக்காகக் காத்திரு.