துண்டுச் சீட்டும் வரிப்பணமும்

தமிழ்நாட்டின் சிறுவணிகர்களுக்கும் அவர்களிடம் பொருள் வாங்கும் மக்களுக்கும் வரி குறித்து எழும் ஐயங்களில் பெரும்பாலானவை சட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. பதிவு எப்போது கட்டாயமாகிறது, எந்தப் பொருளுக்கு எத்தனை விழுக்காடு வரி, கணக்கு விவரத்தை எந்தத் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்குக் கணக்கரோ வணிகவரி அலுவலகமோ விடை சொல்லிவிட முடியும். ஆனால், கடையின் கல்லாவுக்கு முன்னால் விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கும்போது கேட்கப்படும் "பில் போடட்டுமா, வேண்டாமா?" என்ற கேள்வி அந்த வகையைச் சேர்ந்ததன்று. சட்டம் அதற்கு ஒரே விடையைத்தான் வைத்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தபின்னும் அது கேட்கப்படுகிறது என்பதால், அதனைச் சட்டக் கேள்வியாக அல்லாமல் அறக் கேள்வியாகவே எடுத்து ஆராய வேண்டியுள்ளது.

விற்பனைமீது பொதுவாக வரி விதிக்கும் சட்டம் இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில், இராஜாஜியின் அமைச்சரவைக் காலத்தில், 1939இல் இயற்றப்பட்டது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்த மதுவிலக்கினால் அரசு இழந்த ஆயத்தீர்வை வருவாயை ஈடுகட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அதன் வழிவந்த 1959ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டமும், 2007 முதல் நடைமுறைக்கு வந்த மதிப்புக் கூட்டு வரியும் கடந்து, 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி என்னும் ஜிஎஸ்டி நடைமுறையில் உள்ளது. மாநிலத்திற்குள்ளேயே நடக்கும் விற்பனையில் இந்த வரி இரண்டு சம பாதிகளாகப் பிரிந்து, ஒரு பாதி மத்திய வரியாகவும் மறுபாதி மாநில வரியாகவும் கணக்கில் ஏறுகிறது. ஆகவே, பில் போடாமல் நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தொலைவிலுள்ள மத்திய அரசின் வருவாயோடு, உள்ளூர் அரசு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செலவிடும் மாநில அரசின் வருவாயும் சேர்ந்தே குறைகிறது.

வீடு கட்டும் ஒருவர் இரும்புக் கடையில் 1,00,000 ரூபாய்க்கு முறுக்குக் கம்பி வாங்குவதை எடுத்துக்கொண்டால், 18 விழுக்காடு வரியாக 18,000 ரூபாய் சேரும். அதில் 9,000 மாநிலத்திற்கும் 9,000 மத்திய அரசுக்கும் உரியவை. முறையான பில்லின் தலைப்பில் கடையின் பெயரும், 15 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணின் முதலிரு இலக்கங்களான 33 தமிழ்நாட்டைக் குறிக்கும், அடுத்த பத்து இடங்கள் வணிகரின் பான் எண்ணைக் காட்டும். அதன் கீழே தொடர் எண்ணும் தேதியும், சரக்கின் மதிப்பும், இருவகை வரியும் தனித்தனியே இடம்பெறும். மாறாக, 'எஸ்டிமேட்' என்ற தலைப்போடு நீட்டப்படும் துண்டுச் சீட்டில் கம்பியின் கனம், எடை, கூட்டுத்தொகை ஆகியவை மட்டுமே இருக்கும். கடையின் பெயர்கூடப் பல நேரங்களில் இருப்பதில்லை. விற்பவர் தம் பெயரை எழுதத் தயங்கும் ஒரு காகிதத்தைக் கொடுத்து முடிக்கும் வணிகம், அது நடந்ததை மறுக்கும் உரிமையை முன்கூட்டியே தமக்கு வைத்துக்கொள்கிறது.

எனினும், வரி விவகாரத்தில் விற்பவர் எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியாகாது; அவர்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகையினர், பதிவு வரம்புக்குள் உள்ளவர்கள். சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல், அதாவது ஓராண்டில் நடந்த மொத்த விற்பனையின் மதிப்பு, பொதுவாக 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். சேவை வழங்குபவருக்கு அந்த வரம்பு 20 லட்சம் ரூபாய். இவ்வரம்புக்குள் உள்ள பெட்டிக்கடைக்காரரோ தையல்காரரோ வரி வசூலிக்காமல் இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. சிறியவரின் தோளில் கணக்குச் சுமையை ஏற்ற வேண்டாம் என்று சட்டமே எடுத்த முடிவு அது. ஆனால், பதிவே இல்லாத அவர் ஜிஎஸ்டி என்ற பெயரில் ஒரு தொகையைச் சேர்த்து வாங்கினால், அது அரசை ஏமாற்றுவது மட்டுமன்று, எதிரில் நிற்பவரின் பணப்பையில் நேரடியாகக் கைவைப்பதாகும்.

இரண்டாவது வகையினர், விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரையுள்ள சிறுவணிகர்களுக்கான இணக்கமுறைத் திட்டத்தைத் தேர்ந்துகொண்டவர்கள். வியாபாரி தம் விற்றுமுதலில் 1 விழுக்காட்டையும், மது பரிமாறாத உணவகம் நடத்துபவர் 5 விழுக்காட்டையும் வரியாகச் செலுத்தினால் போதும் என்பது அதன் எளிமை; அந்த வரியைத் தம் கையிலிருந்தே கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியே கேட்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. தாம் இத்திட்டத்தில் இருப்பதைக் கடையில் எழுதி வைக்கவும் வேண்டும். அந்த அறிவிப்பை மறைத்துவிட்டுச் சாப்பாட்டு பில்லில் வரி சேர்க்கும் உணவகம், அரசு தந்த சலுகையை வாடிக்கையாளரிடம் விற்றுக் காசாக்குகிறது.

மூன்றாவது வகையினரின் செயலே இவற்றுள் மிகக் கடுமையானது. அவர்கள் முறையாகப் பில் போட்டு வரியையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அதனை அரசுக்குச் செலுத்துவதில்லை. அப்பணம் எந்த நொடியிலும் அவர்களுடையதாக இருந்ததில்லை. வாங்குபவர் கொடுத்து, அரசுக்குச் சேரும் வரை வணிகர் காத்து வைத்திருக்கும் அடைக்கலப் பொருள் அது. வரி என்று சொல்லி வசூலித்த எந்தத் தொகையையும், அப்பொருளுக்கு வரி உண்டோ இல்லையோ, அரசுக்குச் செலுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதற்கு இதுவே அடிப்படை. தம் சொந்த வருவாயின்மீதான வரியைக் கட்டத் தவறுவதற்கும், பிறர் ஒப்படைத்ததைக் கையாடுவதற்கும் இடையிலுள்ள தொலைவு சிறியதன்று.

நான்காவது வகை, விற்பவரும் வாங்குபவரும் கூடிப் பேசி முடிக்கும், வணிக வழக்கில் 'ஜீரோ வியாபாரம்' எனப்படும் பில்லில்லா விற்பனை. இதில் ஏமாற்றப்படுபவர் எவரும் எதிரில் இல்லாததால், தவறு நடந்ததாகவே இருவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அந்தப் பொய் அந்தக் கடையோடு நிற்பதில்லை. பத்து டன் கம்பியைப் பில்லோடு வாங்கி, எட்டு டன்னைப் பில்லோடும் இரண்டு டன்னைத் துண்டுச் சீட்டிலும் விற்றவரின் கணக்கில், அந்த இரண்டு டன் கிடங்கிலேயே இருந்தாக வேண்டும். இருப்பு உதைக்காமல் இருக்க, அவர் அடுத்த முறை மொத்த வியாபாரியிடமும் பில்லின்றி வாங்குகிறார். அல்லது சரக்கே பெறாத வேறொருவர் பெயரில் அந்த இரண்டு டன்னுக்கும் போலி பில் போடுகிறார். ஒரு வணிகர் கொள்முதலில் செலுத்திய வரியைத் தம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ள அனுமதிப்பதே உள்ளீட்டு வரி வரவு. அந்தப் போலி பில்லைப் பெற்றவர், வாங்காத சரக்குக்கு இந்த வரவை எடுத்துத் தாம் கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக்கொள்கிறார். வீட்டுக்காரர் ஒருவர் மிச்சம் பிடிக்க நினைத்த 18,000 ரூபாய், இவ்வாறு மேலும் இருவரைப் பொய்க் கணக்கு எழுத வைக்கிறது.

பில்லில்லா விற்பனையை நியாயப்படுத்த முன்வைக்கப்படும் வாதங்களுள் மூன்று கவனத்திற்குரியவை. வரிப்பணம் வீணாகவும் ஊழலாகவும் கரைகிறது, எனவே அதனைக் கொடுக்காமல் இருப்பதில் பிழையில்லை என்பது முதலாவது. அநீதியான வரியை எதிர்ப்பதற்கு இம்மண்ணில் உயர்ந்த முன்மாதிரி உண்டு: 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பெடுத்தவர்கள் உப்புச் சட்டத்தை மீறினார்கள். ஆனால் அவர்கள் நாள் குறித்து, ஊரறிய நடந்து, தடியடியையும் சிறையையும் ஏற்றுக்கொண்டு அதனை மீறினார்கள். மீறியதால் அவர்களுக்குத் தனி ஆதாயம் ஏதுமில்லை. அந்தப் பயணத்தைத் தலைமையேற்று நடத்தி அதற்காகச் சிறை சென்ற இராஜாஜியே, ஒன்பது ஆண்டுகள் கழித்து, மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் தலைவராக விற்பனை வரியைக் கொண்டுவந்தார் என்பதில் முரண்பாடு இல்லை. மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அரசின் வரியும், வாக்கால் மாற்றக்கூடிய அரசின் வரியும் ஒன்றல்ல. மறைவில் செய்து, மிச்சத்தைத் தம் பையில் போட்டுக்கொள்ளும் செயல், எதிர்ப்பு என்ற பெயருக்கு உரியதாகாது. வீண்செலவுக்கு எதிராகத் தணிக்கை அறிக்கையும், தகவல் அறியும் உரிமைச் சட்டமும், வாக்குச் சீட்டும் இருக்கின்றன. துண்டுச் சீட்டு அவற்றுக்கு மாற்றாகாது.

பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் ஏய்க்கும்போது சிறியவரை மட்டும் ஏன் குறை கூற வேண்டும் என்பது இரண்டாவது வாதம். பெரியவரின் தவறு பெரியது என்பது உண்மை. அதனால் சிறியவரின் தவறு இல்லாமல் போய்விடுவதில்லை. மேலும், துண்டுச் சீட்டில் விற்பவர் முதலில் தோற்கடிப்பது பெருநிறுவனத்தை அன்று, அதே தெருவில் பில் போட்டு விற்கும் மற்றொரு சிறுவணிகரைத்தான். ஒரே சரக்கை ஒருவர் 1,18,000 ரூபாய்க்கும் மற்றவர் 1,00,000 ரூபாய்க்கும் விற்றால், நேர்மையாளர் ஒன்று கடையை மூட வேண்டும், அல்லது தாமும் பில்லை விட வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் பில்லின்றி விற்கும்போது தாம் மட்டும் பில் போட்டால் பிழைக்க முடியாது என்ற மூன்றாவது வாதம் இங்குதான் பிறக்கிறது. மூன்றிலும் இரக்கத்துக்குரியது இதுவே. இவ்வாறு நெருக்கப்பட்டவரின் குற்றம், விரும்பிச் செய்பவரின் குற்றத்தைவிடக் குறைவானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த நெருக்கடியை உண்டாக்கியதும் வரி ஏய்ப்புதான் என்பதால், அதே வாதம் ஏய்ப்பை நியாயப்படுத்துவதற்கு மாறாக, அதனால் விளையும் கேட்டுக்குச் சான்றாகிறது.

இவை அனைத்திற்கும் மேலாக எடைபோட வேண்டியது, வரியைத் தவிர்க்கும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்பதாகும். தினக்கூலிக்குச் செல்லும் ஒரு பெண் வாங்கும் சோப்பின் உறையில் அச்சிட்ட விலைக்குள் வரியும் அடங்கியிருக்கிறது. அவரிடம் எவரும் பில் வேண்டுமா என்று கேட்பதில்லை, வரியின்றி வாங்கும் வழியும் அவருக்கு இல்லை. கம்பியும் கிரானைட்டும் மரச்சாமான்களும் வாங்குமளவுக்கு வசதியுள்ளவருக்கே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. ஆக, பில்லில்லா வணிகம் அரசிடமிருந்து மக்களுக்குப் பணத்தை மீட்டுத் தருவதில்லை; ஏய்க்க வழியில்லாதவர்மீது சுமையை விட்டுவிட்டு, ஏய்க்க முடிந்தவரை விடுவிக்கிறது. அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பவரும் பெரும்பாலும் அந்தப் பெண்தான் என்னும்போது, இழப்பும் அவரையே சென்று சேர்கிறது.

அரசின் பக்கம் உள்ள கடமையைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு ஒருதலையானதாகிவிடும். பில்லோடு வாங்கி வரியையும் விற்றவரிடம் கொடுத்துவிட்ட ஒரு வணிகருக்கு, விற்றவர் அதனை அரசுக்குச் செலுத்தாவிட்டால், உள்ளீட்டு வரி வரவு மறுக்கப்படுகிறது; ஒருவர் செய்த கையாடலுக்கு, ஏமாந்தவரே இரண்டாம் முறை வரி கட்ட நேரிடுகிறது. விற்பனையே நடக்காத மாதத்துக்கும் கணக்கு விவரம் தாக்கல் செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறுகிறது. அதற்கு உச்சவரம்பு இருப்பினும், நோயால் கடையை மூடியவருக்கும் விதி அதுவே. ஏய்ப்பவரைத் தேடிப் பிடிப்பதைவிட, பதிவுப் பட்டியலில் பெயர் உள்ளவரிடம் வசூலிப்பது எளிது என்பதற்காக நேர்மையாளரையே மீண்டும் மீண்டும் வாட்டும் நிர்வாகம், நேர்மைக்குத் தானே தண்டனை விதிக்கிறது. கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, சுங்கம் கொள்வோரின் சோர்வறியாத உழைப்பையும், கொள்வதிலும் கொடுப்பதிலும் நடுவுநிலை தவறாத வணிகரின் வாய்மையையும் ஒரே நகரத்தின் சிறப்புகளாகக் காட்டுகிறது. இரண்டில் ஒன்று குன்றினாலும் மற்றொன்று நெடுநாள் நிலைக்காது.

ஆனால் அரசின் குறை குடிமகனின் கடமையைத் தள்ளிவைக்கும் காரணமன்று. அதனைத் தட்டிக் கேட்கும் தகுதியை அளிப்பதே தன் வரியைச் சரியாகச் செலுத்திய கணக்குத்தான். எனவே, விற்பவர், அரசு, வாங்குபவர் ஆகிய மூவருக்கும் உரியதைப் பிரித்துச் சொல்லிவிடலாம். வரம்புக்குட்பட்ட சிறுவணிகர் குற்ற உணர்ச்சியின்றி விற்கலாம்; வரி என்று சொல்லி ஒரு ரூபாயும் வாங்கலாகாது. வரி வாங்கியவர் அதனைத் தம் பணமாக ஒரு நாளும் எண்ணலாகாது. அரசு, நேர்மையாக வாங்கியவருக்கு உரிய வரவை மறுக்காமலும், நலிந்தவரின் தாமதத்தைக் குற்றமாகக் கருதாமலும் சட்டத்தைத் திருத்த வேண்டும். வாங்குபவரின் கடமை எல்லாவற்றிலும் எளியது: விலை கூடினாலும் "பில் போடுங்கள்" என்று சொல்வது. அந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொருவரும், அதே தெருவில் நேர்மையாகக் கடை நடத்தும் ஒருவர் தொடர்ந்து தொழில் செய்ய வழிவிடுகிறார். அதனைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.